பென்சில் வட்டம்

அந்த விதியை எழுதியவன் நான்தான். வேறு யாராவது வந்து உங்களிடம் சொல்வதற்கு முன்னால் நானே ஒப்புக்கொண்டு விடுகிறேன். ‘எண்பது சதவீதத்துக்கு மேல் வந்தால் கட்டுரைக்குப் பூஜ்யம். யாருக்கும் விலக்குக் கிடையாது.’ இரண்டே வரி. ஆங்கிலத்தில் எழுதி, கீழே சந்துரு என்று பெயரும் போட்டு, புனே பக்கம் சிஞ்ச்வட்டில் என் மகள் வைஷு படிக்கும் பள்ளியின் பெற்றோர் கமிட்டிக்கு அனுப்பினேன். பிரின்சிபால் மேடம் உடனே கட்டைவிரல் படம் போட்டார். அன்று முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை.

விஷயம் இதுதான். பிள்ளைகள் கட்டுரையை ஏஐயிடம் எழுதி வாங்கி, அதைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டு வருகிறார்கள் என்று பள்ளியில் ஒரே புகார். அதைப் பிடிப்பதற்கு இன்னொரு ஏஐ வாங்கலாமா என்று அக்டோபரில் கூட்டம் போட்டார்கள். நோட்டுப் பக்கத்தைப் போனில் படம் பிடித்து ஏற்றினால், ‘இது இத்தனை சதவீதம் இயந்திரம் எழுதியது’ என்று அது ஓர் எண்ணைச் சொல்லும். நானோ சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருப்பவன். அடுத்தவன் எழுதிய புரோகிராமில் பிழை கண்டுபிடிப்பதுதான் பதினாறு வருஷமாக எனக்குச் சோறு போடுகிறது. கூட்டத்தில் எனக்கு இருந்த மவுசைக் கேட்கவா வேண்டும்?

எதிர்த்துப் பேசியது ஒரே ஓர் ஆள். மராத்தி எடுக்கும் அம்ருதா டீச்சர். ஐம்பது வயதிருக்கும். கைத்தறிப் புடவை, காதோரம் செருகிய பென்சில். அவர் நோட்டுத் திருத்துவது பென்சிலால்தான். சிவப்புப் பேனாவைத் தொட மாட்டார் என்று வைஷு சொல்லியிருந்தாள்.

“எனக்கு இது வேண்டாம். என்கிட்ட பென்சில் இருக்கு,” என்றார் இந்தியில்.

எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான். பிறகு எழுந்து நின்று, பாதி இந்தியும் பாதி ஆங்கிலமுமாகப் பத்து நிமிஷம் வகுப்பு எடுத்தேன். மனிதர்களுக்கு வேண்டியவர், வேண்டாதவர் உண்டு, எண்ணுக்குக் கிடையாது என்றேன். அவர் குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுவிட்டு, “டீக் ஆஹே,” என்று உட்கார்ந்தார். சரி என்று அர்த்தம். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

எங்களுக்குச் சொந்த ஊர் கோயமுத்தூர். வைஷு இரண்டு வயதில் இங்கே வந்தவள். வீட்டில் தமிழ், லிஃப்டில் இந்தி, பள்ளியில் ஆங்கிலம். மராத்தியை மட்டும் அவள் புத்தகத்தைப் பார்த்தே கற்றுக்கொண்டாள். அப்படிப்பட்டவளை, ஒன்பதாம் வகுப்பில், பிப்ரவரி இருபத்தேழாம் தேதி மராத்தி மொழி தினத்துக்கு மேடையில் கட்டுரை வாசிக்கத் தேர்ந்தெடுத்தார்கள். அவளும் ப்ரீதி என்ற அவள் தோழியும், இரண்டே பேர். தலைப்பு, ‘எங்கள் வீட்டுக் காலை’. ஒரு தமிழ்ப் பெண் மராத்தி தினத்தில் மராத்தியில் வாசிக்கப் போகிறாள்! எங்கள் குடியிருப்புச் சொசைட்டி வாட்ஸாப்பில் நான் அதை மூன்று முறை போட்டேன். என் மனைவி பார்கவி இரண்டை அழிக்கச் சொன்னாள்.

பத்து நாள்கூட ஆகவில்லை. பூம்கர் சௌக் நெரிசலில் ஆபீஸ் பஸ் நின்றுகொண்டிருந்தபோது பள்ளியின் ஆப்பிலிருந்து செய்தி வந்தது. வைஷுவின் கட்டுரை தொண்ணூற்றொரு சதவீதம் இயந்திரம் எழுதியது. விதிப்படி பூஜ்யம். மேடைப் பட்டியலிலிருந்தும் பெயர் எடுக்கப்படும். வியாழக்கிழமை பெற்றோர் வந்து பார்க்கவும். கீழே விதியையும் அப்படியே ஒட்டியிருந்தார்கள், என் பெயரோடு.

வீட்டுக்குள் நுழைந்தபோது வைஷு ஹாலில் நின்று சுவரைப் பார்த்து வாசித்துப் பழகிக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூட நான் கழற்றவில்லை.

“வைஷு, நெசத்தைச் சொல்லு. ஏஐல எழுதுனியா?”

“இல்லப்பா.”

“கொஞ்சங்கூடவா? ஒரு பாராகூட?”

“நஹீன்னு சொல்றேன்ல.”

“தொண்ணூத்தொண்ணு காட்டுது கண்ணு. சும்மா காட்டுமா?”

அவள் நோட்டை மூடினாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை.

“ரெண்டு தடவை கேட்டுட்டீங்க. மூணாவது தடவையும் கேளுங்கப்பா. ஜவாப் ஒண்ணேதான்.” அறைக்குள் போய்க் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டாள். அறைந்து சாத்தியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த பார்கவி தலையைத் தூக்காமலே கேட்டாள். “ஏங்க, அவ என்ன எழுதியிருக்கான்னு படிச்சீங்களா?”

“மராத்தி எனக்கெங்க தெரியும்?”

“இந்தி படிப்பீங்கல்ல? அதே எழுத்துதானுங்க. படிச்சீங்களா, இல்லியா?”

“நம்பர்தான் வந்திருக்கே…”

“அப்ப அந்த நம்பரையே புள்ளையா வெச்சுக்கோங்க.”

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இவளுக்கு என்ன தெரியும், கட்கியில் பாங்கில் உட்கார்ந்து கையெழுத்துச் சரிபார்ப்பவள்தானே என்று நினைத்தேன். வாயை மூடிக்கொண்டிருந்தேன், அதற்காவது எனக்கு ஒரு மார்க் போடலாம். வியாழக்கிழமை வரை மூன்று நாள், வைஷு என்னிடம் உப்பு வேண்டும், சட்னி வேண்டும் என்பதோடு பேச்சை முடித்துக்கொண்டாள். மேடை போனது அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அப்பா நம்பவில்லை என்பதுதான் பெரிதாக இருந்தது. அது தெரிந்தும் நான் இறங்கி வரவில்லை. எண் தப்பாக இருக்குமா என்று என் மனமும், தப்பு இல்லாவிட்டால் என்ன செய்வது என்று என் வறட்டுக் கௌரவமும் மாறி மாறி என்னைத் தின்றன.

வியாழக்கிழமை பார்கவிக்கு லீவு கிடைக்கவில்லை. நான் மட்டும் போனேன். பிரின்சிபால் அறையில் மேடம், அம்ருதா டீச்சர், ஓரத்தில் சீருடையில் வைஷு. பேச்செல்லாம் இந்தியில்தான். எனக்கு வருகிற தமிழில் சொல்கிறேன்.

“சார், வருத்தமாத்தான் இருக்கு,” என்றார் மேடம். “ஆனா ரூல் உங்களுது. அதை எழுதினவர் வீட்டுக்கே விலக்குக் குடுத்தா மத்த பேரன்ட்ஸ் சும்மா இருப்பாங்களா?”

இருக்க மாட்டார்கள். அந்த இடத்தில் வேறொருவர் மகள் இருந்திருந்தால் முதலில் குதித்திருப்பவன் நான். அதனால் தலையை ஆட்டினேன். வைஷு என்னைப் பார்த்தாள்.

அம்ருதா டீச்சர் நோட்டைத் திறந்தார். “சார், இதை நீங்க படிச்சீங்களா?”

ஒரே வாரத்தில் இரண்டாவது பெண்மணி அதே கேள்வியைக் கேட்கிறார். இல்லை என்றேன்.

“மேடம், நானே படிக்கறேன். நாலு நிமிஷம் ஆகும்,” என்று சொல்லிவிட்டு அவர் படிக்க ஆரம்பித்தார். நிறுத்தி, நிதானமாக, எனக்குப் புரிய வேண்டும் என்பதற்காகவே படித்தார். சின்னச் சின்ன வாக்கியங்கள். எங்கள் வீட்டில் காலை ஐந்தரைக்கு முதலில் பேசுவது குக்கர். அதற்குப் பிறகு அப்பா பேசுவார். அப்பா தன் ஆபீஸ் அட்டையைத் தேடுவார். அது எப்போதும் ஃபிரிட்ஜ் மேல்தான் இருக்கும். எனக்கும் அம்மாவுக்கும் தெரியும். ஆனால் சொல்ல மாட்டோம். தேடும்போதுதான் அப்பா எங்களோடு பேசுகிறார்.

நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். டீச்சர் நிறுத்தவில்லை.

அம்மா நின்றுகொண்டே சாப்பிடுவாள். ஓடிப்போய் லோக்கல் பிடிப்பாள். ரயில் தாபோடி தாண்டிய பிறகுதான் தலை பின்னுவாள். கட்கி வருவதற்குள் பின்னி முடித்துவிடுவாள். இறங்கும்போது அவள் பாங்க் ஆபீசர். தாபோடி வரைக்கும் அவள் என் அம்மா மட்டும்தான்.

பார்கவி ரயிலில் தலை பின்னுகிறாள் என்பது எனக்குத் தெரியாது. பதினேழு வருஷக் குடித்தனம். ஏதோ ஒரு விடுமுறையில் அம்மாவோடு கூடப் போன பெண் அதைப் பார்த்துவைத்திருக்கிறாள். நான் அந்த அறையில் மராத்தியைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதே மறந்துபோனது.

“இப்போ இந்த இடம்,” என்று டீச்சர் நோட்டை என் பக்கம் திருப்பினார். இரண்டு வாக்கியங்கள். எங்கள் வீட்டில் காலையில் எல்லோருக்கும் அவஸர் இருக்கிறது. அப்பாவுக்கு அவஸர் மிகவும் அதிகம். இரண்டு ‘அவஸர்’களையும் சுற்றிப் பென்சிலில் மெல்லிய வட்டம்.

பிரின்சிபால் மேடம் எட்டிப் பார்த்துக் குழம்பினார். “அவஸரா? அப்பாவுக்கு வாய்ப்பு அதிகம்னா என்ன அர்த்தம்?”

“சார், உங்க பாஷையில அவஸர்னா என்ன?” என்று டீச்சர் என்னைக் கேட்டார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டின. “அவசரம். ஜல்தி, ஜல்தின்னு அர்த்தம் மேடம். நான்தான் காலையில கத்திட்டே இருப்பேன்.” மராத்தியிலும் இந்தியிலும் அந்தச் சொல்லுக்கு வாய்ப்பு, சந்தர்ப்பம் என்று பொருள். பரபரப்புக்கு மராத்திக்காரர்கள் ‘காயி’ என்பார்கள். அதைக் கேட்டால் எங்களுக்குக் கத்தரிக்காய்தான் ஞாபகம் வரும். வைஷு என் கூச்சலை அப்படியே தூக்கிக்கொண்டுபோய், வால் எழுத்தை மட்டும் வெட்டிவிட்டு, மராத்தியில் நட்டிருக்கிறாள். புனேயில் இருக்கிற தமிழ்க் குடும்பத்தைத் தவிர உலகத்தில் வேறு யாராலும் செய்ய முடியாத தப்பு.

“மெஷின்ல ஏத்தறதுக்கு முன்னாடியே போட்ட வட்டம் இது,” என்றார் டீச்சர். “அது லட்சக்கணக்கான பக்கம் மராத்தி படிச்சிருக்கும். ஒரு பக்கத்துலகூட இப்படி யாரும் எழுதியிருக்க மாட்டாங்க. வைஷு பேசிப் பழகாம புத்தகத்துல கத்துக்கிட்டவ. அதனால அவ வாக்கியம் சின்னதா, சுத்தமா இருக்கு. அந்தச் சுத்தத்தைத்தான் உங்க மெஷின் சந்தேகப்படுது.”

பிழை கண்டுபிடிக்கும் தொழிலில் எங்களுக்கு முதல் நாளே சொல்லித் தருவது, எந்தப் பொருளையும் சோதித்துப் பார்க்காமல் நம்பாதே என்பது. நான் அந்த ஏஐயை ஒரே ஒரு முறைகூடச் சோதிக்கவில்லை. விளம்பரத் தாளைப் படித்தேன், விதியை எழுதினேன். சோதித்தது இந்த அம்மாள்தான், ஒன்பது ரூபாய்ப் பென்சிலை வைத்துக்கொண்டு. எனக்கு அவர்மேல் ஏற்பட்ட மரியாதையைச் சும்மா மரியாதை என்று சொன்னால் போதாது. எழுந்து நின்றுவிடலாமா என்று இருந்தது.

பிரின்சிபால் மேடம் முகம் தெளிந்து பேனாவை எடுத்தார். “சந்தேகமே இல்ல. வைஷ்ணவிக்கு மட்டும் விலக்குன்னு எழுதிடறேன்.”

எனக்கு மூச்சு வந்தது. இந்தக் கதை இங்கேயே முடிந்திருந்தாலும் நான் இனிப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன். ஆனால் ஓரத்தில் நின்றிருந்தவள் வாயைத் திறந்தாள்.

“மேடம், நான் ‘காயி’ன்னு சரியா எழுதியிருந்தா?”

மேடம் நிமிர்ந்து பார்த்தார்.

“சரியா எழுதியிருந்தா நான் திருடியா?”

மேடத்தின் பேனா அந்தரத்தில் நின்றது. வைஷுவின் குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. “ப்ரீதிக்கு எண்பத்தெட்டு வந்திருக்கு. அவளுக்கு மராத்திதான் வீட்டு பாஷை. அவ கட்டுரைல ஒரு வட்டம்கூட இல்ல. அவ எதைக் காட்டுவா? அவங்க அம்மாவுக்கு ஷிஃப்ட், வர முடியல. எங்க கிளாஸ்ல இப்படி மாட்டினது மொத்தம் ஏழு பேர், மேடம். எனக்கு மட்டும் விலக்கு வேண்டாம்.”

பதினான்கு வயது. மூன்று நாள் சொந்த அப்பாவே நம்பாத பெண். கைக்கு வந்த மேடையை வேண்டாம் என்கிறாள், அதுவும் நியாயத்தைத் துளிகூடப் பிசகாமல் எடுத்துச் சொல்லி. இந்தப் பெண்ணையா நான் கேள்வி கேட்டேன் என்று எனக்கே என்மேல் ஆத்திரம் வந்தது. பெருமையும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததில் எழுந்துவிட்டேன்.

“மேடம், அந்த ரூல் நான் எழுதினது. தப்பு. வாபஸ் வாங்கிக்கறேன். கமிட்டிக்கு நானே எழுதறேன், தப்புன்னு வார்த்தை போட்டே எழுதறேன்.”

“அப்போ உண்மையாவே காப்பி அடிச்சவங்களை என்ன செய்யறது சார்?” என்று மேடம் கேட்டார். அதுவும் நல்ல கேள்விதான்.

பதில் அம்ருதா டீச்சரிடம் இருந்தது. “எனக்கு அந்த நம்பர் வந்தா வரட்டும். அதைத் தீர்ப்புன்னு எடுத்துக்க மாட்டேன், என் பென்சில் வட்டம் மாதிரி எடுத்துக்கறேன். வட்டம் போட்டா கூப்பிட்டுப் பேசணும். பேசி முடிச்சா அழிச்சிடணும். அதுக்குத்தான் நான் பேனா வெச்சுக்கறதில்ல.” அக்டோபரில் நான் விழுந்து விழுந்து சிரித்த பென்சில் அதுதான்.

மூன்று நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தை அவர் அந்த ஏழு பேருக்குக் கொடுத்தார். ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு, எழுதியதைப் பற்றிப் பேசச் சொன்னார். ப்ரீதி, தன் கட்டுரையில் வந்த உடைந்த ஜன்னலைப் பற்றியே இருபது நிமிஷம் பேசினாளாம். ஐந்து பேர் சொந்தமாக எழுதியவர்கள். இரண்டு பேர் தாங்களே ஒப்புக்கொண்டார்கள். அவர்களைத் திட்டாமல் மறுபடி எழுதச் சொன்னார். தன் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே மூன்று நாளும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார் என்று வைஷு சொன்னாள். நான் எழுதிய மன்னிப்புக் கடிதத்துக்கும் கட்டைவிரல் படம் வந்தது. சொசைட்டி வாட்ஸாப்பில் அதையும் போட்டேன், ஒரே முறை.

இருபத்தேழாம் தேதி பார்கவி அரை நாள் லீவு போட்டாள். நாங்கள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தோம். ப்ரீதி வாசித்தாள், பிறகு வைஷு. குக்கர் பேசியது, அட்டை தேடினேன், தாபோடி வந்தது. பார்கவி சட்டென்று தன் பின்னலைத் தொட்டுக்கொண்டாள். அடுத்தது அவஸர்தான். நான் பக்கத்தில் இருந்த தெரியாத மனிதரின் முழங்கையை இடித்து, கேளுங்கள் என்று சொல்லப் போனேன்.

“எங்கள் வீட்டில் காலையில் எல்லோருக்கும் காயி,” என்று வாசித்தாள் வைஷு. “அப்பாவுக்குக் காயி மிகவும் அதிகம்.”

சபை சிரித்துக் கை தட்டியது. எனக்கு மட்டும் ஏதோ பறிபோனது மாதிரி இருந்தது. திரும்பும் வழியில் ஆட்டோவில் கேட்டேன். “ஏங் கண்ணு மாத்துனே? அதுதானே உன்னைக் காப்பாத்துச்சு?”

“அது தப்பான வார்த்தைப்பா,” என்றாள். “தப்பா எழுதுனாதான் நம்புவீங்களா?”

இதற்கு ஆட்டோக்காரர்கூட எனக்கு உதவிக்கு வரவில்லை. “இல்ல கண்ணு. உன்னை நம்பாதது என் தப்பு,” என்றேன். சிக்னலில் நின்றபோது அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

அன்று சாயங்காலம் நோட்டு சாப்பாட்டு மேஜைமேல் கிடந்தது. பென்சில் வட்டங்கள் அழிக்கப்பட்டு, ‘காயி’ என்று அவள் கையெழுத்தில் இருந்தது. இப்போது அந்தப் பக்கத்தில் சாட்சி என்று எதுவும் இல்லை. இதை ஏற்றினால் எத்தனை காட்டும்? கமிட்டி உறுப்பினர் என்பதால் என் போனில் அந்த ஆப் திறக்கும். ஆசை வந்தது, இல்லை என்று சொன்னால் பொய். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, எழுத்துக் கூட்டி, முதல் வரியிலிருந்து நானே படித்தேன். முடிக்க அரை மணி நேரம் ஆனது.

திங்கட்கிழமை காலை. குக்கர் பேசிவிட்டது. பார்கவி நின்றுகொண்டே இட்லி சாப்பிட்டாள். அட்டை ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நான் சோஃபா மெத்தையைத் தூக்கிப் பார்த்தேன், டிவிக்குப் பின்னால் பார்த்தேன், செருப்பு அலமாரியைத் திறந்து பார்த்தேன்.

“எங்கடா வெச்சேன்?” என்று கத்தினேன்.

ஷூ நாடா கட்டிக்கொண்டிருந்த வைஷு நிமிர்ந்து ஃபிரிட்ஜைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

“என்னப்பா, அவசரமா?”

“ஆமா கண்ணு,” என்றேன். “அவஸர்தான்.”